பூங்காக் குளம்

பூங்காக் குளம் என்பது பாசனத்துக்கோ குடிநீருக்கோ அன்றி, காட்சி அழகுக்காகப் பூங்காக்களில் அமைக்கப்படும் ஆழங்குறைந்த நீர்நிலை ஆகும். இது அலங்காரக் குளம் எனவும், அல்லி வளர்க்கப்படும் இடங்களில் அல்லிக்குளம் எனவும் அழைக்கப்படுகின்றது. இதன் ஆழம் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு மீட்டரைத் தாண்டுவதில்லை. அடித்தளம் களிமண்ணாலோ சிமெந்தாலோ நெகிழித் தாளாலோ நீர் கசியாதவாறு அடைக்கப்பட்டிருக்கும்.

பார்வையாளர் கண்ணுக்குத் தெரிவன அல்லி, தாமரை, சில வண்ண மீன்கள், ஒரு நீரூற்று ஆகியவையே. குளத்தின் நீர் தெளிந்திருப்பதும் கெடுவதும் இவற்றால் மட்டும் அமைவதன்று. நீரில் மிதக்கும் நுண்ணுயிரிகள், இலைகளின் அடிப்புறத்தில் ஒட்டி வாழும் விலங்குகள், அடிச்சேற்றின் பாக்டீரியங்கள் ஆகியவற்றின் செயற்பாட்டைப் பொறுத்ததாகும். "தூய்மைப்படுத்தல்" என்ற பெயரில் செய்யப்படும் பணிகள் சில இவ்வுயிர்களை அழித்து, எதைத் தவிர்க்க எண்ணினரோ அதையே, அதாவது பச்சை நீரையும் கொசுவையும், வரவழைத்துவிடுகின்றன.

ஏரி, தெப்பக்குளம் ஆகியவற்றுடன் ஒப்பீடு

தமிழ்நாட்டின் ஏரிகள் நீர்வரத்துக் கால்வாய், மதகு, கலிங்கு ஆகியவற்றைக் கொண்டவை. மழைக்காலத்தில் நிரம்பிக் கோடையில் வற்றுபவை. வற்றிய காலத்தில் வண்டல் அள்ளப்பட்டு வயல்களுக்கு எருவாகச் செல்லும். கோயில் தெப்பக்குளங்கள் பலவற்றுக்கும் நீர்வரத்து வழி உண்டு. 1645ஆம் ஆண்டில் திருமலை நாயக்கரால் வெட்டப்பட்ட மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம், வைகை ஆற்றிலிருந்து நிலத்தடிக் கால்வாய்கள் வழியே நீர் பெறும் வகையில் அமைக்கப்பட்டது.

பூங்காக் குளம் இவற்றிலிருந்து வேறுபட்டது. ஆண்டு முழுதும் ஒரே மட்டத்தில் நீர் நிற்க வேண்டும் என்பதே இதன் முதல் விதி. ஆவியாகும் நீர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்தோ குழாயிலிருந்தோ ஈடு செய்யப்படுகின்றது. நீர் மட்டுமே ஆவியாவதால் அதில் கரைந்திருந்த உப்புக்கள் ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே போகும். உதிரும் இலை, பறவை எச்சம், மீன்களுக்கெனப் பார்வையாளர் வீசும் பொரி ஆகிய எல்லாவற்றிலும் உள்ள நைதரசனும் பாசுபரசும் உள்ளே வருகின்றன, வெளியேற வழியில்லை. ஆகவே வரவு மட்டும் உள்ள கணக்காகவே இக்குளம் இயங்குகின்றது. அந்த வரவைச் செலவழிப்பவை குளத்துக்குள் வாழும் உயிரினங்கள் மட்டுமே.

சென்னையின் பூங்காக் குளங்கள்

தமிழ்நாட்டில் மேலை முறையிலான பூங்காக் குளங்களுக்கு மிகப் பெரிய எடுத்துக்காட்டாக விளங்கியது சென்னை மக்கள் பூங்கா ஆகும். 1859-1860 காலப்பகுதியில் சென்னை மாகாண ஆளுநராக இருந்த சர் சார்லஸ் திரெவெலியன் இதனைத் தோற்றுவித்தார். 116 ஏக்கர் பரப்பில் அமைந்த இப்பூங்காவில் 11 குளங்கள் இருந்தன. எழும்பூர் அருங்காட்சியகத்தில் எட்வர்ட் பால்போர் 1855இல் தொடங்கிய விலங்குக்காட்சிச் சாலையும் பின்னர் இங்கு மாற்றப்பட்டது.

பூங்காவின் நிலம் சிறிது சிறிதாகக் கட்டடங்களுக்கு வழங்கப்பட்டது. விக்டோரியா பொது மண்டபம், 1900இல் திறக்கப்பட்ட மூர் சந்தை, 1913இல் திறக்கப்பட்ட ரிப்பன் கட்டடம், பின்னர் நேரு விளையாட்டரங்கம் என இவை யாவும் பழைய பூங்கா நிலத்தில் எழுந்தவை. 1985இல் மூர் சந்தை தீக்கிரையானபின் அதன் வணிகர்களுக்கு இடமளித்த கட்டடம் அல்லிக்குளம் வணிக வளாகம் எனப் பெயர் பெற்றது. அல்லி பூத்த குளத்தின் நினைவு இன்று ஒரு கடைத்தொகுதியின் பெயரிலும், அங்கு இயங்கிய நீதிமன்றங்களை வழக்கறிஞர்கள் சுட்டும் பெயரிலும் எஞ்சியுள்ளது. பூங்காவின் எச்சமாக மை லேடீஸ் பூங்கா என்னும் சிறு பகுதி உள்ளது.

அந்தப் 11 குளங்களில் எவ்வெவ்வுயிர்கள் வாழ்ந்தன என்பதை இன்று எஞ்சியுள்ள மற்ற குளங்களைக் கொண்டு ஊகிக்க மட்டுமே முடியும். இவ்வகையில் கொல்கத்தா நற்பேறு பெற்றது. 1916இல் நிறுவப்பட்ட இந்திய விலங்கியல் அளவைத் துறையின் முதல் இயக்குநரான நெல்சன் அன்னண்டேல், அதற்கு முன்னர்க் கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் பணியாற்றியபோது, அவ்வளாகத்தில் இருந்த குளத்திலேயே நன்னீர்ப் பஞ்சுயிரிகளையும் பாசிவிலங்குகளையும் தொடர்ந்து ஆராய்ந்தார். 1911இல் வெளிவந்த அவரது நூல் இத்துறையில் இன்றும் எடுத்தாளப்படுகின்றது. அதன் செய்திகளில் ஒரு பகுதி அலுவலக வாசலுக்கு எதிரே இருந்த நீரிலிருந்து கிடைத்தது என்பது குறிப்பிடத்தக்கது.

உயிரினங்கள் வந்து சேரும் முறை

புதிதாகக் கட்டி நீர் நிரப்பிய சிமெந்துக் குளம் சில நாட்களிலேயே பசுமை காட்டத் தொடங்கும். பாசிகளின் நுண்வித்துக்கள் காற்றில் வருகின்றன. நீர்வண்டுகளும் தும்பிகளும் பறந்து வருகின்றன. பளபளக்கும் பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியே அவற்றுக்கு நீரை அடையாளம் காட்டுகின்றது. இதனால் சில தும்பிகள் மகிழுந்தின் மேற்பரப்பிலும் முட்டையிட முயன்று ஏமாறுகின்றன. நத்தைகளும் பஞ்சுயிரிகளும் அல்லிக் கிழங்கோடு ஒட்டிக்கொண்டு நாற்றங்காலிலிருந்து வந்துவிடும்.

பறவைகளின் காலும் ஒரு வழியாகும். சார்லஸ் தார்வின் 1859இல் வெளியிட்ட நூலில் இதற்கான இரு சோதனைகளை விளக்கியுள்ளார். வாத்தின் பாதம் ஒன்றை நீர்த்தொட்டியில் தொங்கவிட்டபோது அப்போதுதான் பொரித்த நத்தைக் குஞ்சுகள் அதில் ஏறிக்கொண்டன. சிறு குளம் ஒன்றின் ஓரத்திலிருந்து எடுத்த மூன்று கரண்டிச் சேற்றை, உலர்ந்தால் 190 கிராம் அளவே இருந்ததை, மூடி வைத்து ஆறு மாதம் கவனித்ததில் 537 செடிகள் முளைத்தன. காலில் ஒட்டும் ஒரு துளிச் சேறு எவ்வளவு சுமந்து வரக்கூடும் என்பதற்கு இதற்கு மேல் சான்று தேவையில்லை.

நீரின் ஒரு நாள்

குளத்து நீர் காலையிலும் மாலையிலும் ஒன்றாகவே தோன்றினாலும் வேதியியல் முறையில் இரண்டும் வெவ்வேறானவை. பகலில் பாசிகளும் நீர்த்தாவரங்களும் ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிசனை வெளிவிடுகின்றன. அப்போது அவை நீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்வதால் நீரின் காரத்தன்மை உயர்கின்றது. பாசி மிகுந்த குளத்தில் பிற்பகலில் பி.எச். அளவு 9ஐயும் தாண்டும். அந்நிலையில் மீன்களின் கழிவாகிய அம்மோனியாவில் பெரும்பகுதி நச்சுத்தன்மை மிகுந்த வடிவத்துக்கு மாறுகின்றது. காலையில் தீங்கற்றிருந்த அதே அளவு அம்மோனியா மாலையில் மீனைக் கொல்லும் தன்மை பெறுவது இதனாலாகும்.

சூரியன் மறைந்தபின் ஆக்சிசன் உற்பத்தி நின்றுவிடுகின்றது. ஆனால் பாசி, மீன், பாக்டீரியம் என எல்லாம் சுவாசித்துக்கொண்டே இருக்கும். ஆகவே விடியலுக்குச் சற்று முன்னரே நீரில் ஆக்சிசன் மிகக் குறைவாக இருக்கும். வெப்பநிலை உயர உயர நீர் ஏற்கும் ஆக்சிசனின் அளவும் குறைகின்றது. கடல்மட்டத்தில் 20 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் நீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிசனைக் கொள்ளும். 30 பாகையில் 7.5 மில்லிகிராமே கொள்ளும். சென்னை போன்ற வெப்பமான நகரில் குளம் தன் நாளைத் தொடங்குவதே குறைந்த இருப்போடுதான்.

பசும்பாசி மண்டிய குளத்தில் இரண்டு மூன்று நாட்கள் தொடர்ந்து மேகமூட்டம் நிலவினால் பகல் வரவு சுருங்கி இரவுச் செலவு அப்படியே நிற்கும். மீன்கள் விடியற்காலையில் நீர்ப்பரப்பில் வாய் திறந்து திணறும். சில சமயம் மொத்தமாக இறந்து மிதக்கும். எவரோ நஞ்சு கலந்தனர் என்ற ஐயம் இத்தகைய வேளைகளில் எழுவது வழக்கம். நச்சுக் கலப்பும் நடப்பதுண்டு. எனினும் மேகம் சூழ்ந்த நாட்களின் பின் பெரிய மீன்கள் முதலில் இறந்திருந்தால் மூச்சுத்திணறலையே முதற் காரணமாகக் கொள்ள வேண்டும்.

நீரூற்று ஆக்சிசனைக் கலக்க உதவும். ஆயினும் பெரும்பாலான பூங்காக்களில் நீரூற்று பார்வையாளர் வரும் மாலை வேளையில் இயக்கப்பட்டு, பூங்கா மூடப்படும்போது நிறுத்தப்படுகின்றது. குளத்துக்கு அது தேவைப்படும் நேரமோ நள்ளிரவு முதல் விடியல் வரையாகும்.

நீர்ப்பரப்பும் இலையின் அடிப்புறமும்

நீரின் மேற்பரப்பு இழுவிசையால் மெல்லிய தோல்போல் நிற்கின்றது. நீண்ட கால்களையுடைய நீர்மேல் ஓடும் பூச்சிகள் இத்தோலின்மீது நின்று, விழுந்து தவிக்கும் ஈ, எறும்பு எழுப்பும் சிற்றலைகளைக் கால்களால் உணர்ந்து இரை தேடுகின்றன. கூட்டமாக வட்டமிடும் கருநிறச் சுழல்வண்டுகளின் கண் ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிந்துள்ளது. மேற்பாதி வானத்தையும் கீழ்ப்பாதி நீருக்குள்ளும் நோக்கும். மல்லாந்து நீந்தும் பூச்சிகள் இத்தோலின் அடிப்பக்கத்தைத் தம் வேட்டைக்களமாகக் கொண்டுள்ளன. நீர்ப்பூச்சி வகை ஒன்றில் பெண் பூச்சி முட்டைகளை ஆணின் முதுகில் ஒட்டிவிட்டுச் செல்ல, அவை பொரியும் வரை ஆண் சுமந்து திரியும். தமிழ்நாட்டுக் குளங்களில் இது எளிதில் காணத்தக்கது.

தாமரை இலையில் நீர் ஒட்டாமை பழந்தமிழரும் நன்கறிந்த செய்தி. இலைப்பரப்பில் உள்ள நுண்ணிய மேடுகளும் அவற்றின்மேல் படிந்த மெழுகும் இதற்குக் காரணம் என்றும், உருளும் துளி தூசியையும் அள்ளிச் செல்வதால் இலை தன்னைத்தானே துப்புரவு செய்கின்றது என்றும் செருமானியத் தாவரவியலாளர் வில்கெல்ம் பார்த்லாட் 1997இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினார். ஆனால் உயிரினச் செறிவு இருப்பது இவ்விலைக்கு மேலன்று. நீரில் படிந்து மிதக்கும் அல்லி இலைக்குக் கீழாகும்.

அல்லி இலை ஒன்றைத் திருப்பிப் பார்த்தால் நத்தை முட்டைகளின் கூழ்மப் பொதிகள், தும்பி முட்டைகள், சாம்பல் நிறப் பஞ்சுயிரித் திட்டுக்கள், பாசி படர்ந்ததுபோல் தோன்றும் பாசிவிலங்குக் கூட்டங்கள் ஆகியன ஒட்டியிருக்கும். பஞ்சுயிரி தன் உடற்துளைகள் வழியே நீரை இடைவிடாது ஈர்த்து பாக்டீரியங்களை வடிகட்டி உண்கின்றது. நீர் வற்றினால் தடித்த உறையுடைய சிறு மணிகளைத் தோற்றுவித்து இறந்துவிடும். மீண்டும் நீர் வரும்போது மணிகளிலிருந்து புதிய பஞ்சுயிரி வளரும்.

இலையடியில் தொங்கும் மற்றொரு விலங்கு ஹைட்ரா ஆகும். சில மில்லிமீட்டர் நீளமே உள்ள இதன் வாயைச் சுற்றிக் கொட்டும் உணர்கொம்புகள் உண்டு. இரண்டாக வெட்டினால் இரண்டு ஹைட்ராக்களாக வளரும் என்பதை ஆபிரகாம் டிரெம்பிளே 1740களில் கண்டறிந்து 1744இல் நூலாக வெளியிட்டார். அவர் அப்போது நெதர்லாந்தின் ஹேக் நகருக்கு அருகில் பெந்திங்கு பிரபுவின் மாளிகையில் இரு சிறுவர்களுக்கு ஆசிரியராக இருந்தார். ஆய்வுக்குரிய உயிர்கள் அம்மாளிகைத் தோட்டத்தின் நீர்நிலைகளிலிருந்து எடுக்கப்பட்டவை. விலங்கியலின் போக்கை மாற்றிய கண்டுபிடிப்பு ஒன்று அலங்காரத் தோட்டத்து நீரில் பிறந்தது எனலாம்.

மிதவை உயிரிகள்

குளத்து நீரைக் கண்ணாடிக் குவளையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் துள்ளித்துள்ளி நகரும் வெண்புள்ளிகள் தெரியும். இவை நீர்த்தெள்ளுகளும் துடுப்புக்காலிகளும் ஆகும். இவற்றினும் சிறியவை சக்கரவுயிரிகள். வாயைச் சுற்றியுள்ள மயிரிழைகள் அசையும்போது சக்கரம் சுழல்வதுபோல் தோன்றுவதால் இப்பெயர் பெற்றன. சக்கரவுயிரிகளில் ஒரு பெரும் பிரிவில் ஆண்களே கண்டறியப்படவில்லை.

இவை யாவும் நுண்பாசிகளை வடிகட்டி உண்பவை. நீர் தெளிந்திருப்பது இவற்றின் உழைப்பால் ஆகும். சிறு மீன்களோ இவற்றையே, அதிலும் பெரியவற்றைத் தெரிந்தெடுத்து, உண்கின்றன. மீன்கள் புகுந்த ஏரிகளில் பெரிய மிதவை விலங்குகள் மறைந்து சிறியவை மட்டும் எஞ்சுவதை அமெரிக்க ஆய்வாளர்கள் புரூக்சும் டாட்சனும் 1965இல் எடுத்துக்காட்டினர். சிறியவற்றால் பாசியை அதே அளவில் மேய இயலாது. வெப்ப நாடுகளின் குளங்களில் பெரிய நீர்த்தெள்ளுகள் இயல்பாகவே குறைவு என்பதால் இந்தக் காவல் தொடக்கத்திலேயே வலுவற்றது. அதன்மேல் வண்ண மீன்களை அளவின்றி விடும்போது நீர் சில வாரங்களில் பச்சைக் குழம்பாவதில் வியப்பில்லை.

தங்கமீனும் கெண்டை இனத்தைச் சேர்ந்த பிற அலங்கார மீன்களும் வேறொரு வகையிலும் இதற்குத் துணை செய்கின்றன. அவை அடிச்சேற்றைக் கிளறி உணவு தேடுகையில் அங்குப் படிந்திருந்த பாசுபரசு மீண்டும் நீரில் கலக்கின்றது. கலங்கிய நீரில் ஒளி புகாமையால் அடியில் வேரூன்றிய தாவரங்கள் அழிகின்றன. அவை விட்ட இடத்தை மிதக்கும் பாசி பிடித்துக்கொள்கின்றது. பின்னர் எஞ்சுவது நீலப்பச்சைப் பாசிகள். இவற்றில் சில வகைகள் ஈரலைத் தாக்கும் நச்சுப்பொருளை உண்டாக்குவதால், அவை ஆடைபோல் படர்ந்த நீரைக் குடிக்கும் நாய்களும் கால்நடைகளும் இறப்பதுண்டு.

அடிச்சேறு

சேற்றின் மேல் சில மில்லிமீட்டர் வரையே ஆக்சிசன் உண்டு. அதற்குக் கீழே உள்ள கருஞ்சேற்றில் ஆக்சிசனற்ற சூழலில் வாழும் பாக்டீரியங்கள் உள்ளன. கோலால் குத்தினால் எழும் குமிழிகள் பெரும்பாலும் மீத்தேன் வளிமம். மேல் அடுக்குப் பாக்டீரியங்கள் அம்மோனியாவை நைத்திரேற்றாக மாற்ற, கீழ் அடுக்குப் பாக்டீரியங்கள் நைத்திரேற்றை நைதரசன் வளிமமாக்கிக் காற்றுக்குத் திருப்பி அனுப்புகின்றன. வெளியேறும் வழியற்ற குளத்துக்கு இயற்கை வைத்துள்ள ஒரே வாய்க்கால் இதுவே எனலாம். பாசுபரசுக்கு இத்தகைய வழி இல்லை.

கடியாத ஈ இனம் ஒன்றின் புழுக்கள் சேற்றில் குழல் கட்டி வாழ்கின்றன. இவற்றின் உடலில் மனிதக் குருதியில் உள்ளது போன்ற ஈமோகுளோபின் இருப்பதால் செந்நிறமாகத் தோன்றும். வண்ணமீன் கடைகளில் மீன் உணவாக விற்கப்படும் செம்புழுக்களில் இவையும் ஒரு வகை. ஆப்பிள் நத்தை எனப்படும் பெரிய நத்தைக்குச் செவுளும் நுரையீரலும் ஒருங்கே உண்டு. நீர் கெட்டால் குழலை நீட்டிக் காற்றை உள்ளிழுக்கும், குளம் வற்றினால் ஓட்டை மூடிக்கொண்டு சேற்றில் உறங்கும்.

குளம் வற்றினால் பறவைகள் பறந்துவிட, கொட்டியும் ஆம்பலும் நெய்தலும் அங்கேயே இருந்து வாடும் என்னும் மூதுரைக் கருத்து தாவரவியல் முறையிலும் பொருந்துவதாகும். இவை சேற்றினுள் கிழங்கையோ கிழங்குத் தண்டையோ கொண்டவை. இலை காய்ந்தாலும் கிழங்கு அடுத்த மழை வரை காத்திருக்கும். சிமெந்துத் தளத்தைச் சுரண்டிக் கழுவும் குளத்தில் இக்காத்திருப்புக்கு இடமில்லை.

கொசுவும் குளமும்

நகர்ப்புறங்களில் பூங்காக் குளங்கள் மூடப்படுவதற்கும் அடிக்கடி நீர் இறைக்கப்படுவதற்கும் கூறப்படும் முதன்மையான காரணம் கொசு ஆகும். இவ்வச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. ஆனால் கொசு வகைகளின் வேறுபாடு இதில் கவனிக்கப்படுவதில்லை.

தெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிசு கொசு, தொட்டி, குடம், பழைய டயர், குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு போன்ற சிறு கொள்கலன்களில் முட்டையிடுவது. மீனும் பூச்சியும் நிறைந்த குளத்தை நாடுவதில்லை. யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்சு கொசுவுக்குச் சாக்கடை போன்ற அழுக்குநீர் உகந்தது. நகர மலேரியாவைப் பரப்பும் அனாபிலிசு இசுடீபன்சி என்னும் கொசுவோ கிணறு, மேல்நிலைத் தொட்டி, கட்டுமானத் தொட்டி ஆகியவற்றில் நிற்கும் தூய நீரில் பெருகுவது. உயிரினங்கள் அற்ற, சிமெந்தால் கட்டப்பட்ட, இயங்காத நீரூற்றுத் தொட்டியும் இதற்கு ஏற்ற இடமாகும். குளத்தைக் காலி செய்து கழுவி நீர் நிரப்பினால், கொசு முட்டையிலிருந்து வெளிவந்து பறப்பதற்கு வெப்பமான காலநிலையில் ஏழு முதல் பத்து நாட்கள் போதும். அதன் புழுவைத் தின்னும் தும்பியின் இளம்பூச்சி வளரவோ பல வாரங்கள் ஆகும். ஆகவே ஒவ்வொரு முறை கழுவும்போதும் கொசுவுக்கு எதிரிகளற்ற சில வாரங்கள் பரிசாகக் கிடைக்கின்றன.

தாவரம் நிறைந்த குளத்தில் கவனிக்க வேண்டியது மான்சோனியா கொசு ஆகும். இதன் புழு காற்றுக்காக நீர்ப்பரப்புக்கு வருவதில்லை. வெங்காயத்தாமரை, அந்தரத்தாமரை ஆகியவற்றின் வேரைத் துளைத்து அங்கிருந்தே ஆக்சிசன் பெறுகின்றது. (இவ்விரு செடிகளையும் ஆகாயத்தாமரை என ஒரே பெயரால் அழைக்கும் வழக்கும் உண்டு.) கேரளத்தின் சேர்த்தலைப் பகுதியில் யானைக்கால் நோயின் ஒரு வகை பரவியதற்கு இக்கொசுவே காரணமாயிருந்தது. இதற்குத் தீர்வு குளத்தை அழிப்பதன்று, அச்செடிகளை அகற்றுவதே.

தும்பியின் இளம்பூச்சி நீருக்குள் வாழும் திறமையான வேட்டையாடி. மடித்து வைத்த கீழுதட்டைக் கைபோல் நீட்டிக் கொசுப்புழுவைப் பற்றுகின்றது. ஆபத்து நேர்ந்தால் மலக்குடலில் நிரப்பிய நீரைப் பீய்ச்சி முன்னோக்கிப் பாயும். மழைக்காலத்தில் கூட்டமாகப் பறக்கும் மஞ்சள் நிறத் தும்பி வகையொன்று இந்தியாவிலிருந்து மாலைத்தீவு வழியே இந்தியப் பெருங்கடலைக் கடந்து கிழக்கு ஆப்பிரிக்கா சென்றடைகின்றது என்ற கருத்தை சார்லசு ஆண்டர்சன் 2009இல் வெளியிட்டார். நகரப் பூங்காவின் குளமும் இப்பயணிகளுக்கு ஒரு பிள்ளைப்பேற்றிடமாகும்.

கொசு ஒழிப்புக்கெனக் கம்பூசியா மீன் 1928இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. கப்பி மீனும் இதே நோக்கில் நீர்நிலைகளில் விடப்படுகின்றது. கிணறு, தொட்டி போன்ற மூடிய நீருக்கு இவை பொருந்தலாம். குளத்திலோ கம்பூசியா கொசுப்புழுவோடு தவளைக் குஞ்சுகளையும் நீர்த்தெள்ளுகளையும் உள்ளூர் மீன்களின் குஞ்சுகளையும் தின்கின்றது. தமிழ்நாட்டின் குளங்களில் இயல்பாக வாழும் முண்டகண்ணி என்னும் சிறுமீன் நீர்ப்பரப்பிலேயே உலவிக் கொசுப்புழுவை உண்பது. தலையுச்சியில் பளிச்சிடும் வெண்புள்ளியால் இதனை அடையாளம் காணலாம். இருப்பதை விட்டு வேற்றுநாட்டு மீனைத் தேடியது ஏன் என்பது விளங்கவில்லை. கொசுப்புழுவை மட்டும் தாக்கும் பாக்டீரிய மருந்தும் உண்டு. 1976இல் இசுரேலில் கண்டறியப்பட்ட இப்பாக்டீரியத்தின் உள்ளூர் வகையைக் கொண்டு புதுச்சேரி நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் மருந்து உருவாக்கியுள்ளது.

அழகுக்காக வந்தவை

வெங்காயத்தாமரை தென்னமெரிக்காவிலிருந்து அதன் ஊதாப் பூக்களுக்காக 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்துக்குக் கொண்டுவரப்பட்டது. ஏற்ற சூழலில் இரண்டு வாரங்களில் தன் பரப்பை இரட்டிப்பாக்கும் இச்செடி, தோட்டக் குளங்களிலிருந்து தப்பி இன்று தமிழ்நாட்டின் ஏரிகளை அடைத்துக் கிடக்கின்றது. சென்னை கொளத்தூரின் வண்ணமீன் சந்தை போன்றவற்றில் வாங்கப்படும் மீன்கள் தொட்டிக்கு மிஞ்சி வளர்ந்ததும் கொல்ல மனமின்றி அருகிலுள்ள பூங்காக் குளத்தில் விடப்படுகின்றன. "டேங்க் கிளீனர்" என விற்கப்படும் உறிஞ்சுவாய்க் கெளுத்தி, காதருகில் சிவப்புக் கோடுடைய அமெரிக்க ஆமை ஆகியன இவ்வாறு வருபவை. இரக்கத்தால் செய்யப்படும் இச்செயலின் விலையைக் குளத்தின் பிற உயிர்கள் கொடுக்கின்றன.

கல்வராயன் மலையில்

பூங்காக் குளம் நகரங்களுக்கு மட்டும் உரியதன்று. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கல்வராயன்மலை வட்டத்தின் தலைமையிடமான வெள்ளிமலைக்குச் செல்லும் வழியில் கரியாலூரில் படகுச் சவாரிக்குரிய குளமும் சிறுவர் பூங்காவும் உள்ளன. இத்தகைய மலைக்குளங்களில் நீர் சமவெளியைவிடக் குளிர்ந்திருப்பதால் ஆக்சிசன் கூடுதலாகக் கரையும். உயரம் காரணமாகக் காற்றழுத்தம் குறைவதால் அந்த ஆதாயத்தில் ஒரு பகுதி கழிந்துவிடும். மிதிபடகுகள் கரையோரத்தில் சேற்றைக் கலக்கினாலும் மேல்நீரையும் அடிநீரையும் கலப்பதில் நீரூற்றின் வேலையைச் செய்கின்றன.

நகரக் குளத்துக்கும் மலைக்குளத்துக்கும் உள்ள முக்கிய வேறுபாடு கீழ்த்திசையில் உள்ளது. சென்னையில் ஒரு பூங்காக் குளத்தில் விடப்பட்ட மீன் பெரும்பாலும் அங்கேயே அடைபட்டுக் கிடக்கும். கல்வராயன் மலையின் ஓடைகளோ கோமுகி, மணிமுத்தா ஆறுகளாகி இறுதியில் வெள்ளாற்றைச் சேர்பவை. மலையடிவாரத்தில் கோமுகி அணை உள்ளது. மலைமேல் உள்ள குளம் ஒன்று நிரம்பி வழிந்தால் அதில் விடப்பட்ட கம்பூசியாவோ வெங்காயத்தாமரையின் ஒரு கணுவோ ஓடை வழியே இறங்கிப் பாசன ஏரிகள் வரை செல்லக்கூடும்.

பராமரிப்பு

குளத்தை முழுவதுமாக இறைத்துக் கழுவுவதைவிட ஒவ்வோர் ஆண்டும் மூன்றில் ஒரு பகுதிச் சேற்றை மட்டும் அகற்றுவது நல்லது. அவ்வாறு அகற்றப்படும் சேற்றோடு பாசுபரசும் வெளியேறுகின்றது. எஞ்சிய பகுதியிலிருந்து உயிரினங்கள் மீண்டும் பரவுகின்றன. அள்ளிய சேற்றையும் செடிகளையும் ஓரிரு நாட்கள் கரையிலேயே வைத்தால் அவற்றில் சிக்கிய இளம்பூச்சிகளும் நத்தைகளும் நீருக்குத் திரும்ப வாய்ப்புண்டு. குழாய் நீரில் உள்ள குளோரின் மிதவை உயிரிகளைக் கொல்வதால் அதைச் சிறிது சிறிதாகவே சேர்க்க வேண்டும். இயன்றவரை மழைநீரே சிறந்தது. கரையின் ஒரு பக்கமேனும் செங்குத்துச் சுவராக இல்லாமல் சரிவாக இருப்பின் தவளைகள் ஏறி வெளியேறவும், தும்பியின் இளம்பூச்சி தண்டைப் பற்றி ஏறித் தோலுரிக்கவும், மடையானும் கானாங்கோழியும் நின்று இரை தேடவும் இயலும். இலைகள் நீர்ப்பரப்பில் பாதி அளவுக்கு மேல் மூடாதவாறு அல்லியைக் கழித்துவிடுவது வழக்கம். மீன்களுக்குப் பொரி இடுவதைத் தடை செய்யும் அறிவிப்புப் பலகைகள் பல பூங்காக்களில் உண்டு, பின்பற்றுவோர் குறைவு.

தூர்ந்துபோன குளத்தையும் சில சமயம் மீட்க முடியும். நீர்த்தெள்ளுகளும் துடுப்புக்காலிகளும் வறட்சியைத் தாங்கும் உறங்குமுட்டைகளைச் சேற்றில் விட்டுச் செல்கின்றன. அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலக் குளம் ஒன்றின் அடிச்சேற்றிலிருந்து எடுக்கப்பட்ட துடுப்புக்காலி முட்டைகளில் 300 ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை உயிருடன் இருந்ததை 1995இல் வெளியான ஆய்வு காட்டியது. தொடர்ந்து வெயிலில் காயும் மேற்சேற்றில் அவ்வளவு காலம் தாங்குவதில்லை. ஆயினும் சில ஆண்டுகள் வறண்டு கிடந்த குளத்துச் சேற்றில் நீர் ஊற்றினால் சில நாட்களில் நீர்த்தெள்ளுகள் துள்ளுவதைக் காணலாம்.

பகுப்பு: நீர்நிலைகள்